தோட்டத்து மரப் போஸ்ட் உக்கிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இது: நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் லயங்களுக்குப் பின்னால் போகும் கரண்ட் லைனில் ஏழெட்டு மரப் போஸ்ட்டுகள் நிற்கின்றன. இரண்டில் நீளமான வெடிப்பு. ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சிலவற்றின் அடி கறுத்துப் பாசி பிடித்திருக்கிறது. இவற்றில் எது ஆபத்து, அடியில் சீமெந்து போட்டு இறுக்கினால் போதுமா, தோட்டத்து ஆட்களே எதுவரை செய்யலாம்?

சீமெந்துக்கு முதலில் பதில்: போடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. வெடிப்பும் பாசியும் பெரும்பாலும் தொந்தரவில்லாதவை. சாய்வு ஆபத்தா இல்லையா என்பது எதனால் சாய்ந்தது என்பதைப் பொறுத்தது. மிக மோசமான போஸ்ட் நேராக, சுத்தமாக, ஒரு குறையும் தெரியாமல் நிற்கக்கூடும். அதன் அடி முழுவதும் உக்கியிருக்க, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகளே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். லைன்மன் மேலே ஏறி ஒரு பக்கக் கம்பியைக் கழற்றிய கணத்தில் அது ஆளோடு சேர்ந்து விழும். மரப் போஸ்ட் வேலையில் உயிர் போகும் வழிகளில் இது பழையது, இன்றும் நடப்பது.

மரத்தை உக்கவைப்பது பூஞ்சணம். அதற்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. சுமார் 30 சதவீதத்தைத் தாண்டினால் நன்றாக வளரும். போஸ்ட்டின் மேல்பாகம் மழையில் நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும். ஒரு மீற்றருக்குக் கீழே மண்ணுக்குள் ஈரம் இருக்கும், காற்று போதாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் மண் மட்டத்தை ஒட்டிய பகுதிதான்: மேலே ஒரு சாண், கீழே ஒன்றரை அடி. காற்று தள்ளும்போது கம்பத்தில் வளைவு விசை அதிகமாக விழுவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில். அதனால் அந்த இரண்டு அடியைப் பார்க்காமல் செய்யும் பரிசோதனை எதுவும் பரிசோதனை அல்ல.

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்கிறது. அங்கே அந்த இரண்டு அடி காய்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனியிலிருந்து ஆவணி வரை வறட்சி. அங்கே மேல்மண் காய்ந்து, உக்கல் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் உட்காரும். ஒரே வயதுப் போஸ்ட் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

மலையகத்தில் நிற்பவை பெரும்பாலும் யூகலிப்டஸ், அதாவது நம் பேச்சில் டர்பன்டைன் மரம். இதற்கு ஒரு குணம் உண்டு. வெளிப்பக்கத்து வெளிறிய மரம், உக்கலைத் தடுக்கும் மருந்தை உறிஞ்சும். உள்ளே இருக்கும் வைரம், அதாவது கடின மரம், அநேகமாக ஏற்காது. எனவே அழுத்தத்தில் மருந்தேற்றிய போஸ்ட் என்றாலும் மருந்து இருப்பது வெளியே ஒரு வளையத்தில் மட்டும். கறுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு, தார் வாசனையோடு இருந்தால் கிரியோசோட். பச்சை கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த உப்பு மருந்து. அந்த வளையத்தைத் துளைத்துப் போகும் ஆழமான வெடிப்பு, ஆணி ஓட்டை, போல்ட் ஓட்டை எதுவானாலும் பூஞ்சணத்துக்கு உள்ளே போக வாசல். உள்மரம் பொந்தாகி, வெளியே நல்ல தோலோடு போஸ்ட் நிற்கும்.

ஆனால் பொந்து என்று கேட்டதும் பயப்படுவதற்கு முன் ஒரு கணக்கு. கம்பம் வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. மண் மட்டத்தில் 250 மில்லிமீற்றர் விட்டமுள்ள போஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். வெளியே சுற்றிவர 25 மில்லிமீற்றர் உக்கிப் போனால் மிச்சம் 200 மில்லிமீற்றர் விட்டம். பார்க்க நல்ல கனமாகத்தான் இருக்கும். வலிமையில் பாதி போய்விட்டது. அதே போஸ்ட்டுக்கு வெளியே ஒன்றும் ஆகாமல் நடுவில் 150 மில்லிமீற்றர் பொந்து விழுந்து, சுற்றிவர 50 மில்லிமீற்றர் நல்ல மரம் இருந்தால் இழப்பு 13 சதவீதம்தான். பொந்து 200 மில்லிமீற்றராகி, சுவர் 25 மில்லிமீற்றருக்கு வந்தால் 41 சதவீதம் போய்விடும். ஆக, வெளி உக்கல் உள் உக்கலைவிடக் கொடியது. உள்ளே சுற்றிவர 50 மில்லிமீற்றர் நல்ல சுவர் இருக்கிறதா என்பதே நடைமுறை எல்லை. பொந்து நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது. மிக மெல்லிய பக்கத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும். வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன போஸ்ட்டை மாற்றவேண்டும், அல்லது முட்டுக் கொடுத்து வலுப்படுத்தவேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவு. நம் காற்றுக்கும் சரிவுக்கும் அதைத் தளர்த்த இடமில்லை.

சரி, பார்ப்பது எப்படி?

நல்ல காலம், மேற்குச் சரிவில் மாசி, பங்குனி. ஊவாவில் ஆவணிக் கடைசி, வடகீழ்ப் பருவமழைக்கு முன். காய்ந்த மரத்தில் தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்கும். மழையில் ஊறிய போஸ்ட் நல்லதாக இருந்தாலும் மந்தமாகவே ஒலிக்கும்.

கொஞ்சம் தள்ளி நின்று முழுப் போஸ்ட்டையும் பாருங்கள். உச்சி பிளந்திருக்கிறதா, குறுக்குச் சட்டம் திரும்பியிருக்கிறதா, போல்ட்டைச் சுற்றிக் கருகிய தழும்பு இருக்கிறதா, மின்னல் உரித்த கோடு ஓடுகிறதா. நீளவாக்கு வெடிப்பு மரம் காயும்போது வருவது. போல்ட் ஓட்டைக்குள் போகாத வரை, மண்ணுக்குள் இறங்காத வரை அதை விட்டுவிடலாம். குறுக்கே ஓடும் வெடிப்பு வேறு சங்கதி. அது மரம் ஒடியத் தொடங்கிய அடையாளம். கண்ட உடனே அறிவிக்க வேண்டும். அடியில் காளான் முளைத்திருந்தாலும் அப்படியே. பாசியும் மரப்பாசியும் ஈரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். கறையான் மண்பாதை தெரிந்தால் குறித்துவையுங்கள். கறையான் அநேகமாக உக்கலைப் பின்தொடர்ந்து வருகிறது.

சாய்வை அளக்கத் தூக்குக்குண்டு போதும். ஒன்றரை மீற்றர் நூலின் மேல்முனையைப் போஸ்ட்டில் ஒட்டிப் பிடித்தால், கீழ்முனைக்கும் மரத்துக்கும் இடைவெளி 13 சென்ரிமீற்றர் என்றால் சாய்வு 5 பாகை. 26 என்றால் 10. அளவை எழுதிவைத்து ஆறு மாதத்தில் திரும்ப அளவெடுங்கள். இருபது வருடமாக 5 பாகையில் நிற்கும் போஸ்ட்டைவிட, ஆறு மாதத்தில் 2 பாகை நகர்ந்த போஸ்ட்தான் மோசம்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. முக்கால் கிலோ அளவிலான சுத்தியல் எடுத்து, மண் மட்டத்திலிருந்து கைக்கு எட்டும் உயரம் வரை, ஒரு சாண் இடைவெளியில், சுற்றிவரத் தட்ட வேண்டும். நல்ல மரம் ‘ணங்’ என்று ஒலிக்கும், சுத்தியல் கையில் துள்ளும். உக்கிய மரம் ‘தொப்’ என்று அமுங்கும். வெடிப்புக்குப் பக்கத்தில் நல்ல மரமும் கரகரக்கும் என்பதால் ஒரு தட்டலில் முடிவுக்கு வராமல், மேலே நல்லதென்று தெரிந்த இடத்தின் சத்தத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை மண்ணை ஒட்டிய இடத்தில் சாய்வாக அழுத்தி நெம்புங்கள். நல்ல மரத்தில் நீளமான சிலும்பு கிளம்பும். உக்கிய மரம் சத்தமில்லாமல் கட்டியாக, பொடியாகப் பெயரும். யூகலிப்டஸில் அடிக்கடி வருவது மென் உக்கல். தோல் கறுத்து, ஈரத்தில் சவர்க்காரம் போல வழுக்கி, காய்ந்தால் சின்னச் சின்னக் கட்டமாக வெடிக்கும். செம்பு மருந்தைத் தாங்கும் பூஞ்சணம் இதைச் செய்கிறது. உப்பு மருந்தேற்றிய யூகலிப்டஸ் கம்பங்களில் ஆஸ்திரேலியாவும் இதே நோயைக் கண்டது.

தோட்டத்து ஆட்கள் இதுவரை செய்யலாம். அதுவும் கம்பி தொய்ந்து கிடக்காத, ‘இர்ர்’ என்ற சத்தம் வராத, மழை இடி இல்லாத நாளில். ஏறக்கூடாது. ஆட்டிப் பார்க்கக்கூடாது. தோண்டுவதும் துளையிடுவதும் லைனுக்குச் சொந்தக்காரர் வேலை. மின்சார சபை லைன் என்றால் அவர்களுடைய ஆட்கள் செய்யவேண்டும். தோட்டத்துச் சொந்த லைன் என்றால், கரண்டை நிறுத்தி எர்த் பண்ணிய பிறகு தகுதியுள்ள மின் வேலையாள் செய்யவேண்டும்.

ஆனாலும் அது எப்படி நடக்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் அரைகுறை வேலையைப் பார்த்ததும் பிடிபடும். 45 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுற்றிவரத் தோண்ட வேண்டும், ஒரே தடவையில் அல்ல. சரிவில் நிற்கும் போஸ்ட்டில் கீழ்ப்பக்க மண்தான் பிடிமானம். முதலில் பாதிச் சுற்று தோண்டிப் பார்த்து, மூடி இறுக்கி, அதன்பின் மறுபாதி. லைன் திரும்பும் மூலைப் போஸ்ட், லைன் முடியும் போஸ்ட் இரண்டையும் தற்காலிக ஸ்டே, அதாவது போஸ்ட்டை இழுத்துப் பிடிக்கும் சாய்வுக் கம்பி, கட்டாமல் தொடவே கூடாது. தோண்டிய பிறகு உக்கிய தோலைச் சுரண்டி எடுத்து, நல்ல மரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். 785 மில்லிமீற்றர் சுற்றளவு என்றால் விட்டம் 250. 628 என்றால் 200. போட்டபோது இருந்த அளவோடு ஒப்பிட்டால் மேலே சொன்ன கணக்கு வந்துவிடும்.

உள்ளே பார்க்க 10 மில்லிமீற்றர் ஓகரால் (மரம் துளைக்கும் திருகு ஊசியால்), மண் மட்டத்தில், பெரிய வெடிப்புக்குக் கீழே, 45 பாகை கீழ்நோக்கித் துளையிட வேண்டும். ஓகர் இறுக்கமாகப் போய் நீளச் சுருள் வந்தால் நல்ல மரம். திடீரென்று ‘சரக்’ என்று உள்ளே விழுந்தாலோ, ஈரப் பொடி வந்தாலோ உக்கல். மூன்று பக்கம் துளைத்து, நுனி வளைந்த கம்பியால் சுவரின் தடிப்பை அளப்பார்கள். ஓட்டை சாய்வாகப் போவதால் அளந்த நீளம் முழுவதும் சுவரின் தடிப்பு அல்ல. 45 பாகைக்கு அதை 0.7 ஆல் பெருக்க வேண்டும். கம்பியில் 70 காட்டினால் சுவர் 50 தான். இந்தப் பெருக்கலை மறந்து நல்லதென்று எழுதிப் போன போஸ்ட்டுகள் உண்டு. மூன்று ஓட்டையையும் ஒரே மட்டத்தில் போடாமல் ஏற்றி இறக்கிப் போட வேண்டும். மருந்தேற்றிய கட்டையால் அடைக்காமல் விட்டால், பரிசோதனையே அடுத்த உக்கலுக்கு வழி திறந்துவிட்டதாக முடியும்.

மருந்து இரண்டு வகை. உள்ளுக்கு போரன் குச்சி. சாய்ந்த ஓட்டைகளில் போட்டு அடைத்தால் மரத்தின் ஈரத்திலேயே கரைந்து பரவும். ஈரமுள்ள இடத்துக்குத்தான் போகும், பூஞ்சணமும் அங்கேதான் இருக்கும் என்பதால் பொருத்தமான மருந்து. குறை என்னவென்றால் மரத்தோடு ஒட்டாமல் மழையில் மெல்ல மெல்லக் கழுவுண்டு போகும். கடும் மழைப் பகுதியில் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது. வெளிக்குச் செம்பும் போரனும் கலந்த பசை. சுரண்டிய மரத்தில் 3 மில்லிமீற்றர் தடிப்பில், மண்ணுக்கு மேலே 5 சென்ரிமீற்றரிலிருந்து கீழே 45 வரை பூசி, பொலித்தீன் உறையால் சுற்ற வேண்டும். உறையை மண்ணுக்கு மேலே உயரமாக விட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கும். கையுறை இல்லாமல் இதைத் தொடக்கூடாது. பழைய எஞ்சின் ஒயில் பூசுவது பலரும் செய்கிற வேலை. மண்ணைக் கெடுப்பதைத் தவிர அது அதிகம் ஒன்றும் செய்யாது.

மூடும்போது மண்ணை 15 சென்ரிமீற்றர் அடுக்காகப் போட்டு அலவாங்குத் தலையால் இடித்து இறுக்க வேண்டும். அடியைச் சுற்றி மேட்டுப்பாங்காக முடித்து, தண்ணீர் போஸ்ட்டை விட்டு ஓட விட வேண்டும்.

இப்போது சீமெந்து. மரம் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் பெருக்கும்; சீமெந்து எதுவும் செய்யாது. ஒரு வருடத்துக்குள் இரண்டுக்கும் நடுவே நகம் போகும் அளவு இடைவெளி விழும். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்கி, போஸ்ட் தொட்டிக்குள் நட்ட மரம் மாதிரி நிற்கும். உக்கல் வேகமாகும், சீமெந்து மூடியிருப்பதால் கண்ணுக்கும் படாது, சுத்தியலுக்கும் கேட்காது. வெளியே கட்டை உறுதியாகத் தெரியும், உள்ளே மரம் பொடி. அடியில் சீமெந்துப் பூச்சுள்ள மரப் போஸ்ட்டை லைன்மன்கள் அதிகம் சந்தேகிக்க வேண்டும். ஏற்கனவே போட்டிருந்தால் அதை உடைப்பதும் சொந்தக்காரர் வேலைதான். அதற்குள் எது மிச்சம் என்று தெரியாமல் உடைக்கக்கூடாது.

உண்மையில் அடி ஆடுகிறது என்றால் காரணம் வேறு. ஆழம் குறைவு, அல்லது மண் போய்விட்டது. 9 மீற்றர் கம்பம் 1.5 மீற்றர் மண்ணுக்குள் இருக்கவேண்டும். நீளத்தில் பத்தில் ஒன்று, அதோடு 60 சென்ரிமீற்றர் என்பது பொதுக் கணக்கு. சரிவில் இந்த ஆழத்தைக் கீழ்ப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். மேல்பக்கத்தில் அளந்து குழி வெட்டினால், 30 பாகைச் சரிவில் கீழ்ப்பக்கம் போதாமல் போய்விடும். பாதை அகலமாக்க மண் வெட்டியதால், லயத்துக்குப் பின்னால் கான் வெட்டியதால், மரக்கறிப் பாத்தி போட்டதால் கீழ்ப்பக்க மண் குறைந்த போஸ்ட்டுகள் மலையகத்தில் எண்ணிக்கையில் அதிகம். மேல்பக்கம் இதற்கு நேர்மாறு. சரிந்து வந்த மண்ணும் குப்பையும் எருவும் ஓர் அடி உயரத்துக்குக் குவியும். பழைய மண் மட்டம் புதைந்து, மருந்து குறைவான புதிய இடத்தில் உக்கல் தொடங்கும். இந்தக் குவியலை அகற்றுவதும், மேலே இருந்து வரும் கானைப் போஸ்ட்டுக்கு ஒரு மீற்றர் தள்ளித் திருப்புவதும் நீங்களே செய்யக்கூடியவை. எந்த மருந்தையும்விட இவை பலன் தரும் என்று தயங்காமல் சொல்லலாம். குவியலை அகற்றும்போது பழைய மண் மட்டத்தோடு நிறுத்துங்கள், அதற்குக் கீழே வேண்டாம்.

ஊவாப் பக்கத்தில் இன்னொன்று: பத்தனைப் புல்லுக்கு, அதாவது மலைச்சரிவுப் புல்வெளிக்கு, வைக்கும் தீ. உப்பு மருந்தேற்றிய போஸ்ட்டில் நெருப்பு அணைந்த மாதிரித் தெரிந்த பிறகும் கனல் உள்ளே தின்றுகொண்டே போகும். செம்பும் குரோமியமும் அந்தக் கனலை விடாமல் பிடித்து வைக்கின்றன. காலையில் தீ, மறுநாள் போஸ்ட் சாய்வு. சுற்றிவர ஒரு மீற்றருக்குப் புல்லைச் செதுக்கி வைப்பது போதுமான காவல்.

ஸ்டே கம்பியை மறக்க வேண்டாம். மூலைப் போஸ்ட்டில் ஸ்டே அறுந்தால் நல்ல மரமும் ஒடியும். ஸ்டே கம்பியின் அடியில் உள்ள இரும்புக் கோலான ஸ்டே ரொட் மண்ணுக்குள் நுழையும் இடத்தில்தான் துரு தின்னும். பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் அறிவியுங்கள். கம்பி தொய்ந்திருந்தால் நீங்கள் முறுக்கி இறுக்கக்கூடாது. கரண்ட் கீழே வராமல் தடுக்க ஸ்டேயின் நடுவில் உள்ள முட்டை இன்சுலேட்டரைத் தாண்டிப் பாசன் பழக் கொடியோ, மிளகுக் கொடியோ ஏறினால் அந்த இன்சுலேட்டர் இருந்தும் இல்லாத மாதிரி. ஈரக் கொடி வழியாகக் கரண்ட் கீழே வரலாம். ஸ்டேயில் துணிக்கொடி கட்டுவது, மாட்டைக் கட்டுவது, போஸ்ட்டில் ஆணி அடித்து அறிவிப்புப் பலகை மாட்டுவது எல்லாம் இதே கணக்கில் சேரும். பக்கத்துச் சவுக்கு மரக் கிளை கம்பியில் உரசினாலும் நீங்கள் கத்தி வைக்காதீர்கள், சொல்லியனுப்புங்கள்.

சாய்ந்திருக்கும் அந்த ஒன்றைப் பற்றி. தனியாக அது மட்டும் சாய்ந்திருந்தால் அடி உக்கல், ஆழம், ஸ்டே மூன்றில் ஒன்று. அடுத்தடுத்த இரண்டு மூன்று போஸ்ட்டும் பக்கத்து மரங்களும் சேர்ந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், தரையில் புது வெடிப்போ லயத்துச் சுவரில் பிளவோ சேர்ந்து தெரிந்தால், அது போஸ்ட்டின் நோய் அல்ல, மலை நகர்கிறது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மின்சார சபைக்கு முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்குச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் வந்து பார்க்கவேண்டிய இடம் அது.

மாற்றவேண்டும் என்று முடிவானால், மரமா கொங்கிறீட்டா என்பது பாதையைப் பொறுத்தது. சராசரி 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 9 மீற்றர் யூகலிப்டஸ் கம்பம் 200 கிலோவை ஒட்டி வரும். தோள்கட்டி ஏழெட்டுப் பேர் மலை ஏற்றலாம். கொங்கிறீட் அதைவிடப் பல மடங்கு கனம், லொறி போகாத இடத்துக்கு ஏறாது. உக்கல் மண் மட்டத்தோடு நின்று, ஒன்றரை அடிக்கு மேலே மரம் நல்லதென்றால் மாற்றாமலும் சமாளிக்கலாம். பக்கத்தில் இரும்புச் சட்டமோ மருந்தேற்றிய குட்டைக் கம்பமோ 1.5 மீற்றர் புதைத்து, மேலே அதே அளவு நீட்டி, இரண்டு இடத்தில் இரும்புப் பட்டி போட்டு இறுக்குவார்கள். உச்சியும் உக்கிய போஸ்ட்டுக்கு இந்தச் செலவு வீண்.

கழற்றிய பழைய போஸ்ட்டை விறகாக்க வேண்டாம். பச்சை நிற மரத்தின் சாம்பலில் ஆர்சனிக் இருக்கும். அடுப்பில் எரித்தால் புகையிலும் வரும், சாம்பலை மரக்கறிப் பாத்திக்குப் போட்டால் மண்ணிலும் சேரும். கிரியோசோட் மரமும் அடுப்புக்கு ஆகாது. பாத்திக்கு வரப்புக் கட்டை, ஆட்டுக் கொட்டிலுக்குத் தூண் என்று பயன்படுத்துவதும் சரியல்ல. வேலை செய்தவர்களையே திருப்பி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

அறிவிக்கும்போது ‘போஸ்ட் பழசாகிவிட்டது’ என்றால் பட்டியலின் கடைசியில் போகும். 1987 க்கு அழைத்து, போஸ்ட்டில் எழுதியிருக்கும் இலக்கம், தோட்டத்தின் பிரிவு, எந்த லயத்துக்குப் பக்கம், மண் மட்டத்தில் எத்தனை சென்ரிமீற்றர் உக்கியிருக்கிறது, தூக்குக்குண்டு இடைவெளி எவ்வளவு, ஸ்டே இருக்கிறதா என்று சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். படம் எடுப்பதாக இருந்தால் அடியில் ஸ்க்ரூ டிரைவர் செருகியபடி ஒன்று, முழுப் போஸ்ட் ஒன்று. வேலைக்கு வரும் லைன்மன் ஏறுவதற்கு முன் அவரிடமும் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.